கிரிக்கெட் ஆட்டமும் பெண்மக்கள் தொழிலும்

(சங்கரன்கோவிலில் கூடிய நமது சங்க ஆண்டு விழாவில், மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாதர் கூட்டத்திலே யாதேனும் ஒரு பொருள் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு நம் சங்கக் காரியதரிசியவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். பெண் கல்வி, சிக்கன வாழ்வு, சிசு பரிபாலனம் முதலிய பொருள்களைப் பற்றி இம்மேடையில் முன்னரே பலர் நன்கு பேசியிருக்கின்றனர். ஆதலின் அவற்றை விடுத்து, கிரிக்கெட் ஆட்டத்தையே தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட ஒரு பெண்மணியின் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். இதனைக் கேட்டதும் சிலர் புன்னகை புரிதலைக் காண்கின்றேன். விளையாட்டு சிறுவர்க்குரியது, அதிலும் பந்தும் மட்டையும் ஆண்பிள்ளைகளுக்கே உரியன என்பது நம்மவருள் பலர் கொண்டுள்ள எண்ணம். அவ்வெண்ணம் இக்காலத்துக்குப் பொருந்துமா என்பதையே உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

2025-ம் வருஷம் நவம்பர் மாதம் 2-ம் தேதி இரவு, நவி மும்பையில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் பந்தயத்தில் நம் தேசத்துப் பெண்கள் தென்னாப்பிரிக்கரை 52 ரன் வித்தியாசத்தில் வென்றனர். இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையைப் பெற்றது அதுவே முதல் முறை. நம் வீடுகள் பலவற்றிலும் பெரியோரும் சிறியோருமாகக் கூடியிருந்து அக்காட்சியைக் கண்டு களித்தீர்கள். மறுநாட் காலையில் உங்கள் வீட்டுப் பெண் குழந்தை உங்களிடம் வந்து, "அப்பா, எனக்கும் ஒரு மட்டை வாங்கித் தாருங்கள்" என்று கேட்டிருப்பின் நீங்கள் யாது விடை பகர்ந்திருப்பீர்கள்? கோப்பை வென்ற பெண்களுக்குக் கைதட்டுதல் எளிது. சொந்த மகளுக்கு மட்டை வாங்கித் தருதல் அத்துணை எளிதன்று. அவ்விரண்டுக்கும் இடையே பெற்றோர் மனத்தில் எழும் வினாக்கள் மூன்று. இத்தொழில் மானமுள்ளதா? இது சோறு போடுமா? இதில் தேறாவிடில் பெண்ணின் கதி என்ன? இம்மூன்றும் நியாயமான வினாக்களே. இவற்றிற்கு விடை காண மிதாலி ராஜ் அம்மையாரின் வாழ்க்கை நமக்குப் பெரிதும் உதவும்.

ஆட்டம் இருந்தது, தொழில் இல்லை

மிதாலி அம்மையார் களம் புகுவதற்கு முன் இருந்த நிலையைச் சிறிது கூறுதல் அவசியம். இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கம் 1973-ம் வருஷத்தில் நிறுவப்பட்டது. 1976-ம் வருஷத்தில் பெங்களூரில் மேற்கிந்தியத் தீவினரோடு நம் பெண்கள் முதல் டெஸ்ட் பந்தயம் ஆடினர். அந்த அணிக்குத் தலைமை வகித்தவர் சென்னையிற் பிறந்து கர்நாடகத்துக்காக ஆடிய சாந்தா ரங்கசாமி அம்மையார். அவ்வருஷமே பாட்னா நகரில் நம்மவர் முதல் டெஸ்ட் வெற்றியையும் பெற்றனர்.

வெற்றி பெற்றனரேயன்றி வேதனம் பெற்றாரில்லை. அக்காலத்து ஆட்டக்காரப் பெண்கள் ரயிலில் இடம் பதிவு செய்யாத பெட்டிகளில் நெருக்குண்டு பிரயாணம் செய்ததையும், படுக்கையைத் தாமே சுமந்து சென்று பொதுக் கூடங்களில் தரையில் உறங்கியதையும் சாந்தா ரங்கசாமி அம்மையார் பின்னாளில் பலமுறை எடுத்துரைத்துள்ளார். அவருக்குச் சோறிட்டது கனரா பாங்கு உத்தியோகமே. தமிழ்நாட்டுக்காக ஆடி, 21 டெஸ்ட் பந்தயங்களில் இந்தியாவின் சார்பாக நின்று, பின்னர் இந்திய அணிக்குப் பயிற்சியாளராகவும் விளங்கிய சுதா ஷா அம்மையாரும் அத்தலைமுறையைச் சேர்ந்தவரே. அவர்களிடம் திறமை குறைவாயிருந்ததென்று சொல்ல எவர்க்கும் நாவெழாது. குறைவாயிருந்தது, திறமையைத் தாங்கி நிற்கும் நிதியும் நிறுவனமுமே.

மிதாலி அம்மையாரின் இளமை

மிதாலி ராஜ் 1982-ம் வருஷம் டிசம்பர் 3-ம் தேதி ராஜஸ்தானத்து ஜோத்பூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் துரைராஜ் விமானப் படையில் ஊழியம் புரிந்தவர். தாயார் பெயர் லீலா. குடும்பம் பின்னர் ஐதராபாத் நகருக்குக் குடிபெயர்ந்தது. இளமையில் அவர் விரும்பிப் பயின்றது பரத நாட்டியம். காலையில் நெடுநேரம் உறங்கும் பழக்கத்தை மாற்றும் பொருட்டே, தமையனார் பயிற்சி பெறும் கிரிக்கெட் மைதானத்துக்குத் தந்தையார் அவரையும் அழைத்துச் சென்றாராம். அங்கே பொழுது போக்காக மட்டை பிடித்த பெண்ணின் கையில் ஒரு தனித்திறம் இருத்தலைப் பயிற்சியாளர் ஜோதி பிரசாத் கண்டுகொண்டார். பின்னர் சம்பத் குமார் என்னும் பயிற்சியாளர் அப்பெண்ணைப் பொறுப்பேற்று, நாள் தவறாது கடும் பயிற்சி அளித்தார். பதினான்கு வயதிலேயே 1997-ம் வருஷத்து உலகக் கோப்பைக்குரிய உத்தேசப் பட்டியலில் மிதாலியின் பெயர் இடம் பெற்றது. இறுதி அணியில் இடம் கிடைக்கவில்லை.

ஈண்டு நாம் கவனிக்கத் தக்கது யாதெனில், அக்காலத்தில் இவ்வாட்டத்தால் பெண்ணுக்குக் காசு கிடைக்கும் என்னும் நம்பிக்கை எவர்க்கும் இருந்ததில்லை. இருந்தும் அப்பெற்றோர் மகளின் பயிற்சியை நிறுத்தினாரில்லை. ஆண்பிள்ளைக்குப் பயன்படும் மைதானம் பெண்பிள்ளைக்கும் பயன்படட்டும் என்று விட்டனர். அவ்வளவே அவர்கள் செய்தது, அதுவே பெருங்காரியமாயிற்று.

1999-ம் வருஷம் ஜூன் 26-ம் தேதி இங்கிலாந்து தேசத்து மில்டன் கீன்ஸ் என்னும் ஊரில், அயர்லாந்து அணிக்கு எதிராக மிதாலி தம் முதல் ஒருநாள் பந்தயத்தை ஆடினார். வயது பதினாறு. அன்று அவர் ஆட்டமிழக்காமல் 114 ரன் எடுத்தார். உடன் ஆடிய ரேஷ்மா காந்தி என்பவரும் சதம் அடிக்க, இந்திய அணி ஒரு விக்கெட்டும் இழவாமல் 258 ரன் சேர்த்தது. பள்ளிக்கூடத்துப் பெண்ணொருத்தி அயல்நாட்டு மண்ணில் முதல் நாளே இங்ஙனம் ஆடினாள் என்பதை நினைக்குந்தோறும் வியப்பாகின்றது.

இரட்டைச் சதமும் எட்டாண்டு வெறுமையும்

2002-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்தின் டாண்டன் மைதானத்தில், தமது மூன்றாவது டெஸ்ட் பந்தயத்தில், மிதாலி அம்மையார் 214 ரன் எடுத்தார். அதற்கு முன் ஆஸ்திரேலிய மங்கை கேரன் ரோல்டன் எடுத்திருந்த 209 ரன்னே பெண்கள் டெஸ்ட் ஆட்டத்தில் உலகின் உயர்ந்த எண்ணிக்கையாயிருந்தது. அதனைப் பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி கடந்தாள். 2003-ம் வருஷத்தில் அவருக்கு அர்ஜுனா விருது அளிக்கப்பட்டது.

இத்தகைய ஆட்டக்காரர்க்கு ஆண்டுதோறும் பல டெஸ்ட் பந்தயங்கள் கிடைத்திருக்கும் என்று நீங்கள் எண்ணுவீர்கள். உண்மை அவ்வாறன்று. 2006-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இவர் தலைமையில் இந்தியப் பெண்கள் அதே டாண்டன் மைதானத்தில் இங்கிலாந்தை வென்று, அந்நாட்டு மண்ணில் முதன்முதலாக டெஸ்ட் தொடரைக் கைப்பற்றினர். அதன் பின் எட்டு ஆண்டு காலம் இந்தியப் பெண்களுக்கு ஒரு டெஸ்ட் பந்தயமேனும் ஏற்பாடு செய்யப்படவில்லை! 2014-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் வார்ம்ஸ்லி என்னும் இடத்தில் மீண்டும் டெஸ்ட் ஆடியபோது, பதினொருவரில் எண்மர் அதற்கு முன் டெஸ்ட் ஆட்டத்தையே அறியாதவர்கள். அன்றும் மிதாலி அம்மையார் தலைமையில் நம்மவரே வென்றனர். ஏறக்குறைய 23 ஆண்டுகள் நீண்ட ஆட்ட வாழ்க்கையில் அவர் ஆடிய டெஸ்ட் பந்தயங்கள் பன்னிரண்டே. வளமான விதையை வைத்துக்கொண்டு நீரில்லாக் கரிசலில் மழைக்குக் காத்திருந்த உழவனைப் போன்றே அவர் காத்திருந்தார் எனலாம்.

ஊதியத்தின் நிலையும் அத்தகையதே. 2005-ம் வருஷம் தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் இவர் தலைமையில் இந்திய அணி முதன்முறையாக இறுதிப் பந்தயத்தை அடைந்து, ஆஸ்திரேலியாவிடம் 98 ரன்னில் தோற்றது. உலகில் இரண்டாம் இடம் பெற்ற அவ்வணியினர்க்கு ஓர் ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய் வீதமே கிடைத்ததென்று அம்மையாரே பிற்காலத்தில் ஒரு பேட்டியில் வெளியிட்டார். அவரையும் அவர் போன்ற பலரையும் அந்நாட்களில் காத்தது இந்திய ரயில்வே இலாகா அளித்த உத்தியோகம். பகலில் அலுவலும் காலை மாலைகளில் பயிற்சியுமாக அவர்கள் காலங் கழித்தனர்.

தொழிலாக மாறிய விதம்

ஆட்டம் தொழிலாக மாறியது படிப்படியாக நிகழ்ந்தது. அப்படிகளை நீங்கள் நன்கு அறிதல் வேண்டும், ஏனெனில் "சோறு போடுமா?" என்னும் வினாவுக்கு விடை அவற்றிலேதான் இருக்கின்றது.

2006-ம் வருஷத்தில் பெண்கள் கிரிக்கெட் சங்கம் இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தோடு இணைந்தது. மைதானம், பயிற்சி, பிரயாணம், தங்குமிடம் முதலியவற்றில் அதனால் நன்மை விளைந்தது. ஆயினும் நிலையான ஊதியம் உடனே வரவில்லை. 2015-ம் வருஷத்தில்தான் வாரியம் பெண்களுக்கு முதன்முறையாக வருஷாந்தர ஒப்பந்தம் வழங்கியது. முதல் வகுப்பினர்க்கு 15 லட்சம் ரூபாய். இரண்டாம் வகுப்பினர்க்கு 10 லட்சம். முதல் வகுப்பில் இடம்பெற்றோர் நால்வர். மிதாலி ராஜ், ஜூலன் கோஸ்வாமி, ஹர்மன்பிரீத் கௌர் ஆகியோரோடு நம் சென்னைப் பெண் திருஷ் காமினியும் அந்நால்வருள் ஒருவராக இருந்தார் என்பது நமக்குப் பெருமை.

2017-ம் வருஷம் ஜூலை 23-ம் தேதி லண்டன் மாநகரத்து லார்ட்ஸ் மைதானத்தில் மீண்டும் மிதாலி அம்மையார் தலைமையில் நம் அணி உலகக் கோப்பை இறுதிப் பந்தயம் ஆடியது. இங்கிலாந்து 228 ரன் எடுக்க, நம்மவர் 219 ரன்னில் ஆட்டமிழந்து, ஒன்பதே ரன்னில் கோப்பையை இழந்தனர். ஆனால் அத்தோல்வி ஒரு வகையில் வெற்றியாகவே முடிந்தது. கோடிக்கணக்கான மக்கள் முதன்முதலாகப் பெண்கள் ஆட்டத்தைக் கண்கொட்டாமல் பார்த்தனர். வாரியம் ஆட்டக்காரர் ஒவ்வொருவர்க்கும் 50 லட்சம் ரூபாய் பரிசளித்தது. ஆயிரம் ரூபாய்க் காலத்துக்கும் இதற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள்.

2022-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே ஆட்டக் கூலி என்று வாரியம் அறிவித்தது. டெஸ்ட் பந்தயத்துக்கு 15 லட்சம், ஒருநாள் பந்தயத்துக்கு 6 லட்சம், இருபது ஓவர் பந்தயத்துக்கு 3 லட்சம். 2023-ம் வருஷத்தில் பெண்கள் பிரீமியர் லீக் என்னும் போட்டி தொடங்கியது. அதன் ஐந்து அணிகளை முதலாளிகள் வாங்கிய விலை மொத்தம் 4,669.99 கோடி ரூபாய். அவ்வருஷத்து ஏலத்தில் ஸ்மிருதி மந்தானா என்னும் ஆட்டக்காரர் 3 கோடியே 40 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தமானார். ஏலம் என்னும் சொல் நம் காதுக்கு இனிமையாக இல்லை என்பது மெய்யே. ஆயினும் அங்கே விலை பேசப்படுவது ஆளன்று. அவருடைய ஆட்டத்திற்குரிய ஒப்பந்தமே என்று கொள்ளல் வேண்டும். ஆண் ஆட்டக்காரர்க்கும் அதே முறைதான்.

இப்பெருஞ் செல்வத்தில் மிதாலி அம்மையார் ஆட்டக்காரராகப் பங்கு பெறவில்லை. 2022-ம் வருஷம் மார்ச்சு 27-ம் தேதி நியூஸீலாந்து தேசத்துக் கிரைஸ்ட்சர்ச் நகரில் தமது ஆறாவது உலகக் கோப்பையின் கடைசிப் பந்தயத்தை ஆடி, 68 ரன் எடுத்து, அவ்வருஷம் ஜூன் 8-ம் தேதி ஓய்வு பெற்றார். 232 ஒருநாள் பந்தயங்களில் 7,805 ரன். அவற்றுள் சதங்கள் ஏழு. அதுவரை உலகில் எப்பெண்ணும் எட்டாத எண்ணிக்கை அது. 2015-ல் பத்மஸ்ரீ விருதும், 2021-ல் கேல் ரத்னா விருதும் அவரை வந்தடைந்தன. தாம் உண்ணாத கனிக்கு நீர் வார்த்தவர் அவர்.

மானம் பற்றிய வினா

இனி, இத்தொழில் மானமுள்ளதா என்னும் வினாவுக்கு வருகின்றேன். 2017-ம் வருஷத்தில் ஒரு பத்திரிகை நிருபர் மிதாலி அம்மையாரிடம், ஆண் ஆட்டக்காரர்களுள் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யாவர் என்று வினவினார். ஆண் ஆட்டக்காரர் எவரிடமாவது, பெண்களுள் உமக்குப் பிடித்தவர் யாவர் என்று இதுவரை கேட்டிருக்கின்றீரா என்று அம்மையார் திருப்பிக் கேட்டார். கோபமின்றிக் கூறிய அச்சொல் உலகெங்கும் பரவியது. அவ்வருஷத்து உலகக் கோப்பையில் தம் முறை வரும்வரை, காற்காப்புகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்து, பாரசீகக் கவி ரூமியின் நூலொன்றை அமைதியாக வாசித்திருந்த அவர் உருவத்தைப் பலரும் படத்தில் கண்டனர். சொல்லில் நிதானமும் செயலில் ஒழுங்கும் உடைய இத்தகைய பெண்ணைக் குலத்துக்கு இழுக்கென்று கூறுவார் உளரோ?

"வெயிலில் நின்றால் மேனி கறுக்கும், பின்னர் வரன் அமையாது" என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. தாய்மார்களே! நம் கரிசல் காட்டில் களையெடுக்கும் பெண் வெயிலில் நிற்கவில்லையா? விடியுமுன் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை பறித்து அனுப்பும் பெண்ணும், தறிக்கூடத்தில் நாள் முழுதும் உழைக்கும் பெண்ணும் நம் ஊரார்தாமே! பெண் உழைத்து ஈட்டுதல் சங்கரன்கோவிலுக்குப் புதிதன்று. ஒற்றைக் காலில் நின்று தவம் புரிந்த கோமதியம்மையை ஆண்டுதோறும் ஆடித் தபசில் வணங்கும் ஊர் இது. பெண்ணொருத்தி தான் எண்ணியதை முடிக்க அருந்தவம் கிடத்தலை நாம் இகழ்வதில்லை, கைகூப்பித் தொழுகின்றோம். தெய்வத்தினிடம் போற்றும் குணத்தை மகளிடம் தூற்றுதல் தகுமா?

விவாகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தம்மைப் பெண் கேட்டு வந்தவர் ஒருவர், கலியாணத்துக்குப் பின் கிரிக்கெட்டை விட்டுவிட வேண்டும் என்று சொன்னதாக மிதாலி அம்மையார் ஒரு பேட்டியில் கூறியிருக்கின்றார். அவர் ஆட்டத்தை விடவில்லை. எல்லாப் பெண்களும் அவ்வழியே செல்லவேண்டும் என்று நான் கூறவில்லை. வங்கி உத்தியோகத்திலும் ஆசிரியத் தொழிலிலும் இருக்கும் மருமகளை விரும்பித் தேடும் நாம், ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்ட மருமகளையும் அவ்வாறே ஏற்கப் பழகவேண்டும் என்றே கூறுகின்றேன்.

தேறாதவர் கதி என்ன?

இது மூன்றாவது வினா; மிகவும் முக்கியமானது. பிரீமியர் லீக்கில் அணிகள் ஐந்து; அணி ஒன்றுக்கு மிகுதியாகப் பதினெண்மர். ஆக, அயல்நாட்டார் உட்படத் தொண்ணூறு பேர்க்கே இடம். இந்திய அணியாகக் களம் இறங்குவோர் பதினொருவர். இத்தனை பெரிய தேசத்தில் இவ்விடங்கள் மிகச் சொற்பம். ஆதலின், மட்டை பிடித்த பெண்ணெல்லாம் கோடி ஈட்டுவாள் என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். படிப்பை நிறுத்தி ஆட்டத்துக்கு அனுப்புதல் பேதைமை. ஆட்டத்தை நிறுத்திப் படிப்புக்கு மட்டும் அனுப்புதலும் அவசியமன்று. இரண்டும் சேர்ந்தே நடத்தல் வேண்டும்.

உயர்ந்த நிலையை அடையாதவர்க்கும் இத்துறையில் வேறு வழிகள் உண்டு. ஜி. எஸ். லட்சுமி என்னும் அம்மையார் ஆந்திர நாட்டுக்கும் ரயில்வேக்கும் ஆடியவர்; இந்திய அணியில் ஆடியவரல்லர். ஆயினும் 2019-ம் வருஷத்தில் சர்வதேசக் கிரிக்கெட் கவுன்ஸிலின் முதல் பெண் பந்தய நடுவராக நியமனம் பெற்றார். நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த என். ஜனனி என்பவர் கணினித் துறை உத்தியோகத்தை விட்டு அம்பயர் தொழிலை மேற்கொண்டு, 2023-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஆண்கள் ஆடும் ரஞ்சிக் கோப்பைப் பந்தயத்தில் அம்பயராக நின்ற முதற் பெண்கள் மூவருள் ஒருவரானார். பயிற்சியாளர், தேகப் பயிற்சி ஆசிரியர், ஆட்டக் கணக்கர், ரயில்வே ஊழியர் எனப் பல வாயில்கள் திறந்திருக்கின்றன. இவை யாவும் ஆட்டத்தையும் கல்வியையும் ஒருங்கே காத்துக்கொண்டவர்க்கே பயன்படும்.

நம் நாட்டுப் பெண்கள்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு இஃது எட்டாக் கனி என்று கருதற்க. முன்னே கூறிய திருஷ் காமினி 2013-ம் வருஷம் ஜனவரி 31-ம் தேதி மும்பையில் மேற்கிந்தியத் தீவினர்க்கு எதிராக 100 ரன் எடுத்து, உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் என்னும் கீர்த்தியை அடைந்தார். மறுவருஷம் மைசூரில் தென்னாப்பிரிக்கருக்கு எதிராக நடந்த டெஸ்டில் 192 ரன் எடுத்தார். நமக்கு இன்னும் அண்மையில் மதுரையைச் சேர்ந்த ஜி. கமலினி, 2024-ம் வருஷம் டிசம்பர் மாதத்து ஏலத்தில் 1 கோடியே 60 லட்சம் ரூபாய்க்கு மும்பை அணியில் ஒப்பந்தம் பெற்றார். அப்பொழுது வயது பதினாறே. 2025-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் கோலாலம்பூரில் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். அதன் அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 56 ரன் எடுத்தார்.

தூரம் ஒரு தடையா என்று கேட்பீர்கள். உலகிலேயே ஒருநாள் பந்தயங்களில் மிகுதியான விக்கெட் வீழ்த்திய பெண்மணியாக, 255 விக்கெட்டோடு ஓய்வு பெற்ற ஜூலன் கோஸ்வாமி, வங்காளத்துச் சக்தஹா என்னும் சிற்றூரார். விடியற்காலை ரயிலேறிக் கல்கத்தா சென்று பயின்று திரும்பிப் பள்ளிக்கூடம் சென்றவர். நம் ஊருக்கும் ரயில் இருக்கின்றது. பஸ்ஸில் போய்வரக் கூடிய தூரத்தில், திருநெல்வேலி சங்கர் நகரில், பெரிய பந்தயங்கள் நடைபெறும் கிரிக்கெட் மைதானம் இருக்கின்றது. இல்லாதது, அனுப்பும் மனமே.

சங்கம் செய்யத் தக்கது

பெண் குழந்தையின் ஆட்டம் பெரும்பாலும் பதின்மூன்று வயதில் நின்றுவிடுகின்றது. அது வரை தெருவில் தமையனோடு பந்து வீசியவளை, "பெரியவளாகிவிட்டாய், இனி உள்ளே இரு" என்று நிறுத்திவிடுகின்றோம். மிதாலி அம்மையார் தேசத்துக்கு ஆடும் தகுதி பெற்றது பதின்மூன்றுக்கும் பதினாறுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான். கமலினி ஒப்பந்தம் பெற்றதும் அப்பருவத்தின் முடிவிலேதான். ஆகவே, பயிற்சிக்கு உரிய ஆண்டுகள் எவையோ அவற்றையே நாம் பூட்டி வைக்கின்றோம். பதினெட்டு வயதில் அவள் விரும்பினால் ஆடட்டும் என்று கூறுதல், பருவம் தப்பிய பின் விதைக்கலாம் என்பதை ஒக்கும்.

ஆதலின் இச்சங்கத்தாரிடம் மூன்று விண்ணப்பங்களைச் செய்துகொள்கின்றேன்.

முதலாவது: நம் கல்வி நிதியிலிருந்து ஏழைப் பெண்களுக்குப் புத்தகத்துக்கும் சம்பளத்துக்கும் உதவுவது போலவே, விளையாட்டில் ஊக்கமுள்ள பெண்களுக்கு மட்டை, காற்காப்பு, பிரயாணச் செலவு ஆகியவற்றுக்கும் உதவுதல் வேண்டும். படிப்பை விடாது தொடர்தல் என்பதே அவ்வுதவிக்கு நிபந்தனையாக இருக்கட்டும்.

இரண்டாவது: பெற்றோர் கொள்ளும் அச்சம் வீண் அச்சம் அன்று. தனியே அனுப்புதலும், பயிற்சியாளரின் நடத்தையை விசாரியாமல் ஒப்புவித்தலும் கூடா. ஆகையால் மாதர் பகுதியினர் முறை வைத்துக்கொண்டு, மைதானத்துக்கும் வெளியூர்ப் பந்தயங்களுக்கும் பெண்களோடு துணை செல்லுதல் வேண்டும். நான்கு தாய்மார் களத்தோரம் அமர்ந்திருப்பின் பாதி அச்சம் தானே அகலும்.

மூன்றாவது: ஓர் அணிக்குப் பதினொருவர் வேண்டும், எதிர்த்தாட வேறு பதினொருவர் வேண்டும். நம் குடும்பங்களில் மட்டும் தேடின் அத்துணைப் பெண்கள் ஒருநாளும் கிடையார். மைதானத்தில் எக்குலத்துப் பெண்ணும், எம்மதத்துப் பெண்ணும் வந்து ஆடட்டும். பந்து வீசுபவள் எவ்வீட்டாள் என்று மட்டை கேட்பதில்லை. உலகக் கோப்பை வென்ற பதினொருவரையும் நம் மக்கள் என்று கொண்டாடினோம். அவர்கள் குலத்தை எவரும் வினவவில்லை. அந்த மனம் நம் ஊர் மைதானத்திலும் விளங்குதல் வேண்டும்.

சபையோர்களே! 2025-ம் வருஷத்து வெற்றிக்குப் பின் நம் மங்கையர் செய்த ஒரு செயலைக் கூறி முடிக்கின்றேன். வென்ற கோப்பையைத் தாமே வைத்துக்கொண்டு மகிழாமல், களத்தில் இருந்த மிதாலி ராஜ், ஜூலன் கோஸ்வாமி, அஞ்சும் சோப்ரா ஆகிய முன்னோரிடம் அவர்கள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தனர். இரண்டு இறுதிப் பந்தயங்களில் தலைமை வகித்தும் கையிற் கிட்டாத கோப்பையை மிதாலி அம்மையார் அன்று ஏந்தினார். முன்னோர் கூலியின்றி உழைத்ததன் பயனைத் தாங்கள் பெற்றோம் என்பதை அவ்விளம் பெண்கள் மறந்தாரில்லை. நம் வீட்டுப் பெண்களுக்கும் அவ்வாறு நினைத்துப் பார்க்கத் தக்க முன்னோராக நாம் இருத்தல் வேண்டாமா? அதற்கு நாம் கோடி கொடுக்க வேண்டுவதில்லை. பதின்மூன்று வயதில் "இனி உள்ளே இரு" என்று சொல்லாதிருந்தால் போதும்.

 நம் பெண்மக்கள் உடலும் உள்ளமும் உரம் பெற்று நீடு வாழ்வாராக!